சும்மா கிடந்த மைதானம்

1939 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் ஃபீல்ட் மைதானத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி 85 புள்ளிகள் எடுத்தது. சொந்த மண்ணில் ஆடிய சிகாகோ எடுத்தது பூஜ்யம். அந்த சீசனின் ஸ்கோர்களை வரிசையாக வாசித்தால் யாரோ அடிவாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல இருக்கும். ஹார்வர்டிடம் 61–0. ஒஹையோ ஸ்டேட்டிடம் 61–0. வர்ஜினியாவிடம் 47–0. இல்லினாயிடம் 46–0. எட்டு ஆட்டங்களில் இரண்டில் ஜெயித்தார்கள், அதுவும் வாபாஷ், ஓபர்லின் என்ற இரண்டு சின்னக் கல்லூரிகளிடம். 50,000 பேர் உட்காரும்படி கட்டிய கேலரியில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது.

அந்த டிசம்பரிலேயே பல்கலைக்கழகம் ஃபுட்பாலைக் கைகழுவியது. அதற்கு மூன்றே வருடத்தில், அதே கேலரியின் மேற்குப் பக்கத்துக்கு அடியில், மனிதன் கட்டிய முதல் அணு உலை ஓடியது.

இந்த இரண்டு செய்திகளும் தனித்தனியாக எல்லோருக்கும் தெரிந்தவைதான். இரண்டாவதை ஸ்கூல் புத்தகத்திலேயே ஒரு வரியில் படித்திருப்போம்: "என்ரிகோ ஃபெர்மி, சிகாகோ, 1942." அது ஒரு விளையாட்டு மைதானத்தில் நடந்தது என்பது பொது அறிவுக் கேள்விக்கு ஏற்ற வேடிக்கைத் தகவலாக நின்றுவிட்டது. மைதானம் ஏன் காலியாக இருந்தது, காலியாக்கியவர் யார், உலையைக் கட்டும்போது அவரைக் கேட்டார்களா என்று கேட்டுக்கொண்டே போனால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

(ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க ஃபுட்பால். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஓடி, ஆள்மேல் ஆள் விழும் ஆட்டம். மெஸ்ஸியைத் தேட வேண்டாம்.)

சிகாகோ என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருபவர் விவேகானந்தர். 1893இல் அவர் போனது அங்கே நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியை ஒட்டிக் கூட்டப்பட்ட சர்வமத சபைக்கு. பயணத்துக்குக் காசு திரட்டியதில் மெட்ராஸ் இளைஞர்களுக்குப் பெரிய பங்குண்டு. அந்தக் கண்காட்சியின் கேளிக்கைப் பகுதிக்கு மிட்வே என்று பெயர். உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் சுற்றியது அங்கேதான். அந்த மிட்வேயின் ஓரத்தில், ராட்டினம் வருவதற்கு முந்தைய வருடம், 1892இல், ராக்ஃபெல்லரின் எண்ணெய்ப் பணத்தில் வகுப்புகளைத் தொடங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். கட்டடங்களில் சிமெண்ட் ஈரம் காயவில்லை. பழைய மாணவர்கள் என்று யாரும் இல்லை, பாரம்பரியம் இல்லை, ஊரில் பலருக்குப் பெயரே தெரியாது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஹீப்ரு மொழி அறிஞர். ஆனாலும் ஊரைத் தன் பக்கம் இழுக்க ஹீப்ரு போதாது என்று தெரிந்தவர்.

அவர் ஆரம்பத்திலேயே வேலைக்கு எடுத்தவர்களில் ஒருவர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக். யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கப் போய், மேடையில் பேச வராது என்று கண்டுகொண்டு விளையாட்டுப் பக்கம் திரும்பியவர். அவருக்கு வெறும் கோச் வேலை கொடுக்கவில்லை, உடற்பயிற்சித் துறையின் தலைவர் பதவியும் நிரந்தரப் பேராசிரியர் அந்தஸ்தும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் அப்போது அது கேள்விப்படாத சங்கதி. குடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். கோபம் வந்தால் பையன்களைக் "கழுதை" என்பார், அதோடு சரி. 1892 மார்ச்சில் கூடைப்பந்து என்ற புது ஆட்டத்தைப் பொதுமக்கள் முன்னால் முதன்முறையாக ஆடியபோது அதிலும் இருந்தார். ஆசிரியர் அணிக்கு விழுந்த ஒரே கூடை அவருடையது. சிகாகோவில் 40 வருடம் இருந்தார். 70 வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்து அனுப்பியபோது கோபித்துக்கொண்டு கலிஃபோர்னியா போய் இன்னொரு கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்தார். இறந்தது 1965இல், 102 வயதில். அவருடைய மைதானத்தில் நடந்த எல்லாவற்றையும் கேள்விப்பட்டுவிட்டுத்தான் போனார்.

மைதானத்துக்கு முதலில் மார்ஷல் ஃபீல்ட் என்று பெயர். ஃபீல்ட் என்றால் மைதானம்தானே என்று நினைக்க வேண்டாம், அது ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் பெயர், நிலம் அவருடையது. பிறகு கான்கிரீட்டில் பெரிய கேலரி எழுந்தது. எல்லிஸ் அவென்யூ பக்கமிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர் மாதிரி. பெயரும் ஸ்டாக் ஃபீல்ட் ஆனது. சிகாகோ அணி ஏழு முறை பிக் டென் என்ற வட்டாரப் பட்டத்தை வென்றது. 1905இல், 56 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த மிச்சிகனை இந்த மைதானத்தில் 2–0 என்று வீழ்த்தியபோது ஊரே கொண்டாடியது. அந்த இரண்டு புள்ளி எப்படி வந்தது தெரியுமா? மிச்சிகன் வீரர் ஒருவர் பந்தோடு தன் எல்லைக் கோட்டைத் தாண்டி முன்னே வந்தவரை சிகாகோக்காரர்கள் தூக்கிக்கொண்டு பின்னால் தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான். அந்தத் தோல்வியின் பெயர் அந்த மனிதர்மேல் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அதே 1905இல் அமெரிக்கா முழுக்க ஃபுட்பால் ஆடிச் செத்தவர்கள் குறைந்தது 18 பேர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களைக் கூப்பிட்டு ஆட்டத்தைத் திருத்துங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. சிகாகோவின் நட்சத்திர வீரர் வால்டர் எக்கர்சால் வகுப்புக்கு எத்தனை நாள் போனார் என்று பத்திரிகைகள் கிளற ஆரம்பித்தன. இந்த ஆட்டம் படிப்பாளிகளின் வீட்டில் தங்கிய பணக்கார விருந்தாளி மாதிரி. போகச் சொல்லவும் முடியாது, இருக்கவைக்கவும் கூச்சம்.

மைதானம் ஃபுட்பாலுக்கு மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் தேசியத் தடகளப் போட்டி 1921இல் நடந்தது இங்கேதான். 1936 ஜூனில், பெர்லினுக்குக் கப்பல் ஏறுவதற்குச் சில வாரம் முன்பு, ஜெஸ்ஸி ஓவன்ஸ் அதே போட்டியில் இங்கே ஓடி 100 மீட்டரை 10.2 விநாடியில் முடித்தார். உலக சாதனை. ஹிட்லர் முன்னால் ஓடியது எல்லோருக்கும் தெரிகிறது, இது யாருக்கும் தெரிவதில்லை.

1935இல் ஜே பெர்வாங்கர் என்ற சிகாகோ மாணவர் அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரராகத் தேர்வானார். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பேர்பெற்ற விருது அது, அதை வாங்கிய முதல் ஆள் இவர்தான். அதற்கு முந்தைய வருடம் மிச்சிகனோடு ஆடும்போது இவரை மடக்க வந்த ஒருவருக்கு இடது கண்ணுக்குக் கீழே வெட்டு விழுந்தது. அந்த மிச்சிகன்காரர் பெயர் ஜெரால்ட் ஃபோர்ட். பின்னால் அமெரிக்க ஜனாதிபதி ஆனபோதும் அந்தத் தழும்பைக் காட்டுவாராம். தொழில்முறை அணிகள் வீரர்களை முறைவைத்து எடுக்க ஆரம்பித்த 1936இல் முதலில் எடுக்கப்பட்ட பெயரும் பெர்வாங்கர்தான். அவரோ தொழில்முறை ஆட்டமே வேண்டாம் என்று ரப்பர் ஃபோம் விற்கப் போய்விட்டார். கோப்பையை அவருடைய அத்தை ரொம்பநாள் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு.

இந்த நேரத்தில் தலைவராக இருந்தவர் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ். 1929இல் பதவிக்கு வந்தபோது வயது 30. உயரமான, அழகான, யாரையும் சீண்டத் தயங்காத ஆள். பல்கலைக்கழகம் என்றால் சிந்திக்கிற இடம், மற்றதெல்லாம் இடைஞ்சல் என்பது அவர் கட்சி. மாணவர்கள் பிளேட்டோவிலிருந்து தொடங்கி மூலநூல்களை நேரடியாகப் படிக்கவேண்டும் என்றார். 1938இல் ஒரு வெகுஜனப் பத்திரிகையில், கல்லூரி ஃபுட்பால் விளையாட்டும் அல்ல கல்வியும் அல்ல, டிக்கெட் வியாபாரம் என்று எழுதினார். அவர் சொன்ன மருந்து எளிமையானது: நுழைவுக்கட்டணத்தை 10 சென்ட் ஆக்குங்கள், காசு போனால் நோயும் போய்விடும். யாரும் கேட்கவில்லை. 85–0 வந்தது. அறங்காவலர்கள் தலையாட்டினார்கள்.

ஹட்சின்ஸை எனக்குப் பிடிக்கும், அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நம் சந்திரசேகரை, மெட்ராஸ் பிரெசிடென்சி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரை, 1937இல் சிகாகோவுக்குக் கொண்டுவந்ததில் ஹட்சின்ஸுக்கு நேரடிப் பங்குண்டு. வேலை பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில், ஊரைவிட்டுத் தள்ளி விஸ்கான்சினில். மறு வருடம் அவர் சிகாகோ வளாகத்துக்கு வந்து பாடம் எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ஒரு கறுத்த மனிதர் இங்கே எடுப்பதா என்று டீன் ஒருவர் முகம் சுளித்தார். தாராளமாக எடுக்கட்டும் என்று அந்த முணுமுணுப்பை ஹட்சின்ஸ் ஒரே வரியில் முடித்தார். அப்படிப்பட்ட மனிதர் ஃபுட்பாலைத் துரத்தினார் என்றால், என் ஓட்டு அவருக்குத்தான். இன்றைக்கும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஆட்டத்தைத் துரத்தலாம், 50,000 பேருக்கான கான்கிரீட்டைத் துரத்தமுடியாதே. அது அங்கேயே நின்றது.

காலியான மைதானத்துக்கு என்ன ஆகும் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பொருட்காட்சி வரும், கட்சி மாநாடு வரும், வாக்கு எண்ண மேஜை வரும். நான் படித்த பள்ளியின் மைதானத்தில் ஒருமுறை மந்திரிக்கு ஹெலிபேட் போட்டார்கள். நடுவில் வட்டம், வட்டத்துக்குள் பெரிய வெள்ளை எழுத்து. பிட்ச் போச்சு. யாரும் எங்களைக் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்பதற்குமேல் ஒரு காரணம் தேவைப்படாத இடம் மைதானம்.

1942 தொடக்கத்தில், அணுப் பிளவில் தொடர்வினை சாத்தியமா என்று பார்க்கும் வேலையை இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். ரகசியப் பெயர்: உலோகவியல் ஆய்வகம். உலோகவியலாளர்கள் அதில் குறைவு. ஃபெர்மி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். முசோலினியின் யூத வெறுப்புச் சட்டங்களுக்குத் தப்பி மனைவி லாராவோடு இத்தாலியைவிட்டு வந்தவர். அமெரிக்கா போரில் இறங்கியபின், சட்டப்படி அவர் எதிரி நாட்டுக் குடிமகன். அவர் கையில்தான் நாட்டின் மிகப்பெரிய ரகசியம்.

கொலம்பியாவில் அவர் செய்த முன்னோட்டச் சோதனைகளில் கனமான செங்கற்களையும் யுரேனிய டப்பாக்களையும் தூக்கி அடுக்க ஆள் தேவைப்பட்டது. அங்கிருந்த டீன் ஒரு யோசனை சொன்னார்: நம் ஃபுட்பால் பையன்களுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்தால் என்ன? வந்தார்கள், பென்சில் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். சிகாகோவில் அந்த வசதி இல்லை. காரணம் உங்களுக்கே தெரியும், டீம் இல்லை. அதனால் கசாப்புத் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த பேக் ஆஃப் தி யார்ட்ஸ் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியிலிருந்து, ஸ்கூலை விட்டுவிட்டு ராணுவ அழைப்புக்குக் காத்திருந்த சுமார் 30 பையன்களைக் கூலிக்கு எடுத்தார்கள்.

உலையை முதலில் நகருக்கு வெளியே, ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் இருந்தது. தொழிலாளர் தகராறில் அங்கே கட்டடம் தள்ளிப்போனது. ஸ்டாக் ஃபீல்டிலேயே செய்துவிடலாம், கட்டுக்குள் வைத்திருக்க முடியும் என்று ஃபெர்மி கணக்குக் காட்டினார். பிளவில் வரும் நியூட்ரான்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஒரு பங்கு, சில விநாடிகள் தாமதமாக வெளியே வரும். அந்தச் சிறிய தாமதம்தான் உயிர்நாடி. அது இருப்பதால் வினை கண்மூடித் திறப்பதற்குள் எகிறாது, மெதுவாக ஏறும், மனிதக் கையால் தண்டைத் தள்ளி நிறுத்த அவகாசம் இருக்கும். இயற்பியல்படி ஃபெர்மி சொன்னது சரி.

காம்ப்டன் ஒப்புக்கொண்டார். 1940 கணக்குப்படி சுமார் 34 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. தலைவர் ஹட்சின்ஸிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் காம்ப்டன் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதினார்: ஹட்சின்ஸ் சட்டம் படித்தவர், அணு ஆபத்தை எடைபோடும் அறிவு அவருக்கு இல்லை, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லமுடியும், அந்தப் பதில் தவறாக இருந்திருக்கும். அதனால் கேட்கவில்லை, பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டாராம்.

இந்த இடத்தில் நான் பல தடவை நின்றிருக்கிறேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டார். அப்புறம் அந்தத் தலைவருக்கு என்ன அதிகாரம் மிச்சம்? ஃபுட்பால் கூடாது என்று சொல்ல முடிந்தவரிடம், அந்த மைதானத்தில் இது கூடாது என்று சொல்லும் வாய்ப்பே தரப்படவில்லை. ஜெர்மனி முந்திவிடும் என்ற பயம் அன்று நிஜமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் 34 லட்சம் பேர் சார்பில் பேச இருந்த ஒரே கட்டுப்பாடு ஒரு வக்கீல் மூளையின் தயக்கம்தான் என்றால், அதைச் சுற்றிக்கொண்டு போனது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. சிந்தனை என்பது விளையாட்டைவிடப் புனிதமானது என்ற ஹட்சின்ஸின் நம்பிக்கையை அவருடைய சொந்தப் பேராசிரியர்களே அவர் முதுகுக்குப் பின்னால் சோதித்துவிட்டார்கள்.

மேற்குக் கேலரிக்கு அடியில் ஒரு ராக்கெட்ஸ் கோர்ட் இருந்தது. ஸ்குவாஷுக்கு அண்ணன் முறையான ஆட்டம். உலகம் முழுக்க அதை ஸ்குவாஷ் கோர்ட் என்றே எழுதுகிறார்கள். (ஜோஷ்னா, தீபிகா எல்லாம் வருவதற்கு முன்பு நமக்கு ஸ்குவாஷ் என்றால் பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு. ரஷ்யர்களுக்கோ அது பூசணிக்காய். சோவியத் அறிக்கை ஒன்று, அமெரிக்கர்கள் பூசணித் தோட்டத்தில் உலை கட்டினார்கள் என்று மொழிபெயர்த்துவிட்டதாக ஒரு கதை சுற்றுகிறது.)

1942 நவம்பர் 16 அன்று அடுக்க ஆரம்பித்தார்கள். அடுக்கினார்கள் என்பது சரியான வார்த்தை. அவர்களே அதை உலை என்று சொல்லவில்லை, குவியல் என்றுதான் சொன்னார்கள். சுமார் 45,000 கிராஃபைட் கட்டிகள். நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பது கிராஃபைட்டின் வேலை. குறைந்தால்தான் அது அடுத்த யுரேனிய அணுவைப் பிளக்கும். கட்டிகளைத் தச்சுப் பட்டறை இயந்திரத்தில் இழைத்து, துளை போட்டு, துளைக்குள் யுரேனியத்தை வைத்தார்கள். இழைத்த தூள் காற்றில், சுவரில், பல்லில், தோல் மடிப்பில். தரை வழுக்கியது. குளித்து அரைமணி நேரம் கழித்தும் தோலுக்குள்ளிருந்து கரி கசியும் என்று வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு, இரவு பகலாக.

சூடாக்கும் வசதி இல்லாத இடம், நவம்பர் மாத சிகாகோ. அடுக்குகிறவர்களுக்கு வேலையே சூடு. வாசலில் நிற்கும் காவலர்கள்தான் விறைத்தார்கள். தேடிப் பார்த்தபோது பழைய லாக்கர் ஒன்றில் ரக்கூன் ரோமக் கோட்டுகள் கிடைத்தன. ஃபுட்பால் காலத்துச் சொத்து. அதை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு காலத்தின் கொண்டாட்ட உடையைப் போட்டுக்கொண்டு ஒருவன் நிற்கிறான், உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்கே தெரியாது. இந்தக் கதை முழுவதிலும் என்னைவிட்டுப் போகாத படம் இதுதான்.

டிசம்பர் 1 இரவு 57ஆவது அடுக்கோடு வேலை முடிந்தது. அன்றிரவு பொறுப்பில் இருந்த ஹெர்பர்ட் ஆண்டர்சன் நினைத்திருந்தால் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இழுத்து உலகின் முதல் தொடர்வினையைத் தானே ஓட்டியிருக்கலாம். ஃபெர்மிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பூட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் காலை கோர்ட்டின் பால்கனியில் கூட்டம். ஒருகாலத்தில் ஆட்டம் பார்க்கக் கட்டிய பால்கனி. அங்கே இருந்தவர்கள் 49 பேர் என்று கணக்கு. தலைக்குமேலே ஐம்பதாயிரம் காலி இருக்கைகள். அந்த 49 பேரில் பெண் ஒருவர்தான், லியோனா வுட்ஸ், வயது 23, நியூட்ரானை எண்ணும் கருவிகளைச் செய்தவர். கீழே ஜார்ஜ் வைல் கடைசித் தண்டைக் கையால் இழுக்க நின்றார். காட்மியம் நியூட்ரானை விழுங்கும், அதனால் காட்மியத் தண்டு உள்ளே இருக்கும்வரை வினை படுத்திருக்கும். அவசரத் தண்டு ஒன்று மேலே கயிற்றில் தொங்கியது. கயிற்றை வெட்ட நார்மன் ஹில்பெரி கோடரியோடு தயார். குவியலின் உச்சிக்குப் பக்கத்தில் மூன்று இளைஞர்கள் காட்மியக் கரைசல் நிரப்பிய ஜாடிகளோடு. எல்லாம் கைமீறினால் மேலிருந்து ஊற்றவேண்டும். தற்கொலைப் படை என்று அவர்களுக்கு வேடிக்கைப் பெயர். கதிரியக்கத் தடுப்புச் சுவர் இல்லை, குளிரூட்டும் ஏற்பாடு இல்லை.

பத்து மணிக்கு முன்பே தொடங்கி, அங்குலம் அங்குலமாகத் தண்டை இழுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்டார் ஃபெர்மி. மதியத்துக்குச் சற்று முன்னால் தானியங்கித் தண்டு ஒன்று தடாலென்று விழுந்து எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. வரம்பைக் குறைவாக வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஃபெர்மி பசிக்கிறது என்றார். சாப்பிடப் போனார்கள்! உலக வரலாற்றின் இந்த இடைவேளையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பயமும் வரும்.

பிற்பகல் 3:25. எண்ணும் கருவியின் டிக்டிக் ஒலி ஒன்றாகக் கலந்து இரைச்சலானது, வரைகோடு மேலே ஏறியது, சமனாகாமல் ஏறிக்கொண்டே இருந்தது. உற்பத்தியான சக்தி அரை வாட். ஒரு டார்ச் பல்புக்குக்கூடச் சரியாகக் காணாது. யாரும் கைதட்டியதாகத் தெரியவில்லை. யூஜின் விக்னர் ஒளித்துவைத்திருந்த ஒரு கியாந்தி மதுபாட்டிலை எடுத்தார், காகிதக் கோப்பையில் ஆளுக்குக் கொஞ்சம், பாட்டிலைச் சுற்றியிருந்த வைக்கோல் உறையில் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் போனபின் லியோ ஸிலார்ட் ஃபெர்மியின் கையைக் குலுக்கி, இந்த நாள் மனிதகுலத்துக்குக் கறுப்பு நாளாக நிற்கும் என்று நினைப்பதாகச் சொன்னார். தொடர்வினை என்ற யோசனையையே முதலில் கண்டவர் ஸிலார்ட்தான்.

அன்றிரவு ஃபெர்மி வீட்டில் விருந்து. வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள், எதற்கென்று லாராவுக்குப் புரியவில்லை. லியோனாவைப் பிடித்துக் கேட்டபோது, உங்கள் வீட்டுக்காரர் ஜப்பானிய அட்மிரல் ஒருவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார் என்று பதில் வந்தது. நிஜத்தை லாரா தெரிந்துகொண்டது போர் முடிந்தபிறகு. மனைவிக்கே அப்படியென்றால் பக்கத்துத் தெருவில் பால் பாட்டில் எடுத்து உள்ளே வைத்த பெண்ணைப் பற்றி என்ன சொல்வது.

அதற்கப்புறம் நடந்தது வேகமானது. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் இதே முறையில் பெரிய உலைகள், அவற்றில் புளுட்டோனியம், அது நாகசாகியில் விழுந்தது. ராக்கெட்ஸ் கோர்ட்டிலிருந்து நாகசாகிக்கு இரண்டு வருடம் எட்டு மாதம். குண்டைப் போடவேண்டாம் என்று 1945 ஜூலையில் ஸிலார்ட் எழுதிய மனுவில் சுமார் 70 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள், பெரும்பாலும் அந்த ஆய்வகத்துக்காரர்கள். ஹட்சின்ஸ் போருக்குப்பின் உலக அரசாங்கத்துக்கு அரசியல் சட்டம் எழுதும் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். பலர் கேலி செய்தார்கள். தன் வீட்டுக் கொல்லையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்ட மனிதருக்கு அதைவிடச் சின்ன மருந்து போதும் என்று தோன்றியிருக்காது.

கேலரியை 1957இல் இடித்தார்கள். ஆட்டம் மட்டும் சுலபமாகச் சாகவில்லை. 1963இல் சிறிய அளவில் ஃபுட்பால் திரும்பியபோது மாணவர்களே மைதானத்தின் நடுக்கோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஃபுட்பாலுக்கு எதிராகச் சத்தியாகிரகம், அமெரிக்காவில்! 1969இல் அது முறையாகத் திரும்பியது, சில தெரு தள்ளிப் புதிய ஸ்டாக் ஃபீல்டில். பழைய வாசலின் ஒரு பகுதியை அங்கே பெயர்த்துக்கொண்டு போய் வைத்திருக்கிறார்கள். "மிட்வேயின் அசுரர்கள்" என்ற பழைய பட்டப்பெயர் மட்டும் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியிடம் போய்விட்டது. அவர்கள் ஆடியது மிட்வேயிலும் அல்ல. ஏரிக்கரையில் 1924இல் நகராட்சி திறந்த சோல்ஜர் ஃபீல்டுக்கு 1971இல் வந்து சேர்ந்தார்கள். ஒரு லட்சம் பேர் கூடிய இடம் அது. ஊருக்கு அப்படி ஒரு மைதானம் இருக்கும்போது பல்கலைக்கழகத்தின் மைதானத்தை யாரும் தேடவில்லை.

பழைய ஸ்டாக் ஃபீல்ட் இருந்த இடத்தில் 1970இல் ரெகென்ஸ்டைன் நூலகம் திறந்தது. ஹட்சின்ஸ் கேட்டது இதைத்தான்: ஆட்டம் போய்ப் புத்தகம். நான் அங்கே போனது ஒரு மார்ச் மாதம், ஓரத்தில் அழுக்குப் பனி. நூலகத்துக்குப் பக்கத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிலை நிற்கிறது, அணுசக்தி என்று பெயர். முதல் உலை ஓடி 25 வருடம் நிறைந்த 1967 டிசம்பர் 2 அன்று திறந்தது. ஒரு பக்கமிருந்து பார்த்தால் மண்டை ஓடு, இன்னொரு பக்கமிருந்து குண்டுக் காளான், மூன்றாவது பக்கமிருந்து கோவில் கோபுரத்து வாசல்போல ஏதோ. ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு. ஒரு பெண் அதன் அடியில் உட்கார்ந்து போனில் யாரிடமோ வாடகை பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பெர்வாங்கரின் கோப்பையைப் பார்க்கவேண்டும் என்றால் வளாகத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகவேண்டும், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

குவியல் எங்கே போனது என்று கேட்பீர்கள். 1943 பிப்ரவரியில் கட்டி கட்டியாகப் பிரித்து, முதலில் திட்டமிட்டிருந்த அதே ஆர்கான் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். தடுப்புச் சுவரோடு மறுபடி அடுக்கினார்கள். 1954இல் நிறுத்தியபின் அதன் கூட்டை அங்கேயே பெரிய குழி தோண்டிப் புதைத்தார்கள். இன்று அது ரெட் கேட் வுட்ஸ் என்ற பொதுக் காடு. சைக்கிள் பாதை போகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு வருகின்றன. புதைத்த இடத்துக்கு அருகில் ஒரு கருங்கல் நிற்கிறது. கீழே அணு ஆராய்ச்சிக் கழிவு இருக்கிறது, இங்கே தோண்டாதீர்கள், வருகிறவர்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள்.